விலை ஏறினால் சம்பளம் ஏறுமா? வேல்ஸ் நகரங்கள் காட்டும் பாடம்

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் நமக்குச் சொல்லப்படுவது ஒன்றுதான்: "முதலில் தொழில் செழிக்கட்டும், சம்பளம் தானாக உயரும்." பிரித்தானியாவின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டில் இதை நூறு வருடங்களுக்கு முன்பே சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அங்கே நடந்ததை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

கார்டிப், நியூபோர்ட், சுவான்சி மூன்றும் தென் வேல்ஸின் துறைமுக நகரங்கள். 1913இல் கார்டிப் துறைமுகத்தில் மட்டும் ஒரு கோடி தொன்னுக்கு மேல் நிலக்கரி கப்பலேறியது. அந்தக் காசில் நகரம் செழித்தது. அதே வருடம் ஒக்டோபரில், கார்டிபுக்கு வடக்கே செங்ஹெனித் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர் மாண்டார்கள்.

அந்தத் தொழிலாளருக்குச் சம்பளம் எப்படி நிர்ணயிக்கப்பட்டது? 1875 முதல் 1902 வரை, நிலக்கரி விலை ஏறினால் சம்பளம் ஏறும், இறங்கினால் இறங்கும் என்ற முறை இருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விலையை முடிவு செய்தது முதலாளிமார். சந்தையைப் பிடிக்க ஒருவரோடொருவர் போட்டிபோட்டு விலையைக் குறைத்தார்கள். நட்டத்தில் பெரும் பங்கு தொழிலாளியின் சம்பளத்தில் கழிந்தது. 1898இல் பல மாதப் போராட்டம் நடத்தித் தொழிலாளர் தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்வியிலிருந்துதான் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் பிறந்தது. நமது கூட்டு ஒப்பந்தத்திலும் விலைப் பங்குக் கொடுப்பனவு என்று ஒன்று இருந்ததை நாம் மறக்கவில்லை.

அடுத்த பிரச்சினை உங்களுக்கு நன்றாக விளங்கும். அங்கே வெட்டும் தொன்னுக்குத்தான் கூலி. கரி மெலிந்த இடத்தில், தண்ணீர் ஊறும் இடத்தில் எவ்வளவு பாடுபட்டாலும் தொன் சேராது. கொழுந்தில்லாத மலையில் நிறுத்திவிட்டு, கிலோ வரவில்லை என்று அரைப் பேர் போடுவது போலத்தான். இதற்காகவே 1910இல் ரொண்டா பள்ளத்தாக்கில் பெரும் போராட்டம் வெடித்தது. 1912இல் பிரித்தானியா முழுவதும் சுமார் பத்து லட்சம் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. கேட்ட தொகை சட்டத்தில் எழுதப்படவில்லை. நமது சம்பள நிர்ணய சபையைப் போன்ற மாவட்டச் சபைகளிடம் விடப்பட்டது. ஆனாலும் சம்பளத்துக்கு ஓர் அடித்தளம் போடப்பட்டது.

நிலக்கரியும் உருக்கும் சரிந்தபின் வெளிநாட்டு முதலீட்டாளரை அழைத்தார்கள். கூலி குறைவு என்பதும் அந்த அழைப்பில் ஒரு கவர்ச்சி. 1996இல் நியூபோர்ட்டில் எல்ஜி கம்பனி 6,100 பேருக்கு வேலை தருவதாக அறிவித்தது. அரசு 20 கோடி பவுணுக்கு மேல் உதவி தர முன்வந்தது. அங்கே கட்டிய சிப் தொழிற்சாலை இயங்கவே இல்லை. 2006இல் எஞ்சிய வேலையும் முடிந்தது. மலிவான கூலியைத் தேடி வந்தவர், அதைவிட மலிவான இடம் கிடைத்தால் நிற்பாரா?

இன்றும் வேல்ஸில் தலைக்குரிய உற்பத்தி பிரித்தானிய சராசரியில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். தலைநகர் கார்டிபின் நிலை அதைவிட மேல். ஆனால் அங்கேயும் துப்புரவுத் தொழிலாளியின், பராமரிப்பாளரின் சம்பளம் தானாக உயரவில்லை. 2012இல் மாநகர சபை, வாழ்க்கைச் செலவைக் கணக்கிட்டு நிர்ணயிக்கும் வாழ்வூதியத்தைத் தன் ஊழியருக்கு வழங்க முடிவெடுத்தது. 2024 ஒக்டோபரில் லண்டனுக்கு வெளியே அந்த ஊதியம் மணிக்கு 12.60 பவுண் என அறிவிக்கப்பட்டது. அப்போது சட்டப்படியான குறைந்தபட்சம் 11.44 பவுண்.

ஆகவே தோழர்களே, உற்பத்தி, விலை, வருமானப் பங்கு என்று எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விலை விழுந்தால் நட்டம் யாருக்கு? கணக்கை நாம் பார்க்கலாமா? எதற்கும் குறையாத அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கையொப்பத்தைப் பற்றிப் பேசுவோம்.