ஊரின் வரலாறும் புதிய மொழியும்: சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் பயிலும் மாணவர்கள்

புதிதாக வந்து சேர்ந்த ஊரின் மொழி இன்னும் கைவராத மாணவர்களுக்கு அவ்வூரின் வரலாற்றைக் கற்பிக்கலாமா, அல்லது மொழி வந்த பின்னரே வரலாற்றைத் தொடங்க வேண்டுமா என்னும் வினா, குடியேறிகள் மிகுந்த நகரங்களின் பள்ளிகளில் நெடுங்காலமாக எழுந்துவருகிறது. முதலில் ஆங்கிலம், பின்னர் பாடம் என்ற வரிசையே பல இடங்களில் இயல்பானதாகக் கொள்ளப்பட்டுவந்தது. அந்த வரிசை பிழையானது என்பதும், உள்ளூர் வரலாற்றை மாணவர்கள் தாமே ஆராயும் செயல்திட்டமாக அமைக்கும்போது மொழி கற்பதற்கான தேவை அந்த ஆய்விலிருந்தே பிறக்கிறது என்பதும் இச்சொற்பொழிவின் துணிபாகும். இதனை விளக்க அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆங்கிலம் அறியாத மாணவரின் கல்வி உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது அந்நகரத்தில் எழுந்த வழக்கொன்றில்தான்.

'லாவ் எதிர் நிக்கல்ஸ்' எனப்படும் அவ்வழக்கு சீன மாணவர்களின் சார்பில் நகரப் பள்ளி நிர்வாகத்துக்கு எதிராக 1970இல் தொடுக்கப்பட்டது. ஆங்கிலம் பேசாத சீன வம்சாவளி மாணவர்கள் 2,856 பேர் இருந்த நிலையில், அவர்களுள் சுமார் 1,000 பேருக்கே கூடுதல் ஆங்கிலப் பயிற்சி கிடைத்தது. ஏறத்தாழ 1,800 பேர் விளங்காத மொழியில் நடந்த வகுப்புகளில் அமர்ந்திருந்தனர். எல்லோருக்கும் ஒரே ஆசிரியரையும் ஒரே பாடநூலையும் அளித்துவிட்டால் சமத்துவம் வந்துவிடாது என்று 1974இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டத்தை அதற்கு அடிப்படையாகக் கொண்டது. ஆயினும் எந்த முறையில் கற்பிக்க வேண்டும் என்பதை அது வரையறுக்கவில்லை. முறை பற்றிய பொறுப்பு இவ்வாறு கல்வியாளர்களிடமே விடப்பட்டது. இதே நகரில் 1884இல் மேமி டேப் என்ற எட்டு வயதுச் சீனச் சிறுமிக்குப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டதையும், 1885இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்பளித்த பின்னரும் சீனப் பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளி திறந்து அத்தீர்ப்பின் பயன் தடுக்கப்பட்டதையும் சேர்த்து நோக்கினால், இன்று அந்நகரின் வகுப்பறையில் ஆங்கிலம் பயிலும் மாணவர் அமர்ந்திருப்பதே உள்ளூர் வரலாற்றின் ஒரு பகுதி என்பது புலனாகும்.

மொழி முதலில், பாடம் பின்னர் என்ற வரிசை ஏன் பொருந்தாது என்பதை மொழியியல் ஆய்வும் காட்டுகிறது. கனடியக் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் இருவகை மொழித்திறன்களை வேறுபடுத்தினார்: விளையாட்டுத் திடலிலும் கடைவீதியிலும் பயன்படும் அன்றாடப் பேச்சுத்திறன் ஒன்று, ஒப்பிடவும் காரணம் காட்டவும் மறுக்கவும் வேண்டிய கல்விசார் மொழித்திறன் மற்றொன்று. முன்னது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வாய்க்க, பின்னதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகளும் அதற்கு மேலும் தேவைப்படுகின்றன. பதினைந்து வயதில் வந்திறங்கும் மாணவருக்கு அத்தனை ஆண்டுகள் பள்ளியில் இல்லை. மேலும், கல்விசார் மொழி கல்விப்பொருளை விட்டுத் தனியே நிற்பதன்று என்பதால், வரலாற்றைப் பேசாமல் வரலாற்றின் மொழியைக் கற்கவும் வழியில்லை.

செயல்திட்டவழிக் கற்றல் என்பது, விடை முன்கூட்டியே தெரியாத ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, மாணவர்கள் குழுவாகப் பல வாரங்கள் சான்று திரட்டி, ஆய்ந்து, வகுப்புக்கு வெளியே உள்ள பிறர்க்கும் பயன்படும் ஓர் ஆக்கத்தை உருவாக்கும் முறையாகும். 1896இல் சிகாகோவில் ஜான் டூயி தொடங்கிய ஆய்வுப் பள்ளியிலும், 1918இல் வில்லியம் கில்பாட்ரிக் எழுதிய கட்டுரையிலும் இதன் வேர்களைக் காணலாம். புதிதாகக் குடியேறிய மாணவர்களுக்காகவே 1985இல் நியூயார்க்கின் லகார்டியா சமுதாயக் கல்லூரியில் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் உயர்நிலைப் பள்ளியில், மொழியையும் பாடத்தையும் பிரிக்காமல் கலப்புக் குழுக்களில் கற்பிக்கும் வழியாக இம்முறை வளர்ந்தது. அதே மரபில் சான் பிரான்சிஸ்கோவிலும் பின்னர் ஒரு பள்ளி அமைந்தது.

இத்தகைய செயல்திட்டத்துக்கு அந்நகரத்தில் கிடைக்கும் மூலப்பொருள்களுள் ஏஞ்சல் தீவுக்கு ஈடானது வேறில்லை. வளைகுடாவின் நடுவே உள்ள அத்தீவில் 1910 முதல் 1940 வரை குடிவரவு நிலையம் இயங்கியது. 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டத்தின்படி தொழிலாளர்களின் வருகை தடுக்கப்பட்டிருந்தமையால், வணிகர், குடிமக்களின் பிள்ளைகள் போன்ற விதிவிலக்குப் பெற்றவர்கள் மட்டுமே உள்ளே வர முடிந்தது; தாம் அவ்வகையினரே என்பதை மெய்ப்பிக்கும் வரை அவர்கள் அங்கு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அடைத்துவைக்கப்பட்டனர். 1906ஆம் ஆண்டு நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த தீயும் நகரின் பிறப்புப் பதிவேடுகளை அழித்துவிட்டதனால், தாம் அந்நகரில் பிறந்த குடிமக்கள் என்று பலர் கோர முடிந்தது. அவர்களுடைய பிள்ளைகளாகப் பெயர் பூண்டு வேறு பலர் வந்தனர். 'காகித மகன்கள்' எனப்பட்ட இவர்களைக் கண்டறியவே நீண்ட விசாரணைகள் நடந்தன. தடுத்துவைக்கப்பட்டோர் குடியிருப்பின் மரச்சுவர்களில் செதுக்கிய சீனக் கவிதைகளை, 1970இல் அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் கண்டு அவற்றின் அருமையை உணர்த்தியமையால் இடிக்கப்படவிருந்த கட்டடம் காக்கப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட கவிதைகள் பின்னர் பதிவு செய்யப்பட்டன.

சுவர்க் கவிதைகளே பெரும்பாலான பாடத்திட்டங்களில் முதலிடம் பெறுகின்றன, அது தகும். ஆயினும் ஆங்கிலம் பயிலுநரைப் பொறுத்தவரை அவற்றினும் அரிய வாய்ப்பு விசாரணைப் பதிவுகளில் உள்ளது. சான் புருனோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆயிரக்கணக்கான விசாரணைக் கோப்புகள் பாதுகாக்கப்படுகின்றன. அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் சீனத்தில் சொல்ல, விடை மீண்டும் ஆங்கிலமாகித் தட்டச்சில் ஏறிய பதிவுகள் அவை. உங்கள் வீடு எந்த வரிசையில் உள்ளது, மூன்றாம் வீட்டில் வசிப்பவர் யார், ஊர்க்கிணறு எங்கே, வாசலில் எத்தனை படிகள் என்ற வகையில் அவ்வினாக்கள் அமைந்தன. வாக்கியங்கள் குறுகியவை, சொற்கள் எளியவை, இடத்தையும் எண்ணையும் உறவையும் குறிக்கும் தொடர்கள் திரும்பத் திரும்ப வருபவை. தொடக்கநிலைப் பயிலுநர் ஒருவர் சில வாரப் பயிற்சியில் அவற்றைப் படித்துவிட இயலும். மொழியில் எளிமையும் பொருளில் ஆழமும் ஒன்றாக வாய்த்த முதன்மைச் சான்று, அதாவது நிகழ்ந்த காலத்திலேயே உருவான ஆவணம், இதுபோல் கிடைப்பது அரிது. வரலாற்றை எளிமைப்படுத்துவதாகக் கூறி அதன் சாரத்தையே நீக்கிவிடும் சுருக்கப் பாடநூல்களைக் காட்டிலும் இது நூறு மடங்கு மேலானது.

அத்தகைய கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு குழு அதிலுள்ள மகனின் சாட்சியத்தைக் கொண்டு அவனது சிற்றூரின் வரைபடத்தை வரையலாம். மற்றொரு குழு தந்தையின் சாட்சியத்தைக் கொண்டு வரையலாம். இரண்டையும் அருகருகே வைத்ததும், கிணறு ஒன்றில் கிழக்கிலும் மற்றொன்றில் மேற்கிலும் இருப்பது தெரியவரும். அந்த முரண்பாடு பொய்யினால் வந்ததா, மறதியினால் வந்ததா, மொழிபெயர்ப்பினால் வந்ததா என்று வாதிடத் தொடங்கும்போது, 'ஆனால்', 'இருப்பினும்', 'ஒருவேளை', 'ஆகவே' என்னும் சொற்களுக்கு நிகரான ஆங்கிலச் சொற்கள் மாணவருக்கு உடனே தேவைப்படுகின்றன. ஆசிரியரின் திறமை இவ்விடத்தில் வெளிப்பட வேண்டும்: எந்த வாக்கிய அமைப்புகள் எந்த நாளில் தேவைப்படும் என்பதை முன்னரே கண்டு, அரைகுறை வாக்கியங்களைத் தொடக்கத்தில் கொடுத்து, மாணவர் தேறத் தேற அத்துணைகளை விலக்கிக்கொள்ள வேண்டும். குழுவினர் தம் தாய்மொழியில் வாதிட்டுவிட்டு ஆங்கிலத்தில் எழுதுவதையும் குறையாகக் கருதலாகாது. 1998இல் கலிபோர்னியா வாக்காளர்கள் ஏற்ற 227ஆம் முன்மொழிவு ஆங்கிலவழிக் கற்பித்தலையே பெரிதும் கட்டாயமாக்கி இருமொழிக் கல்வியைச் சுருக்கியிருந்தது; 2016இல் 58ஆம் முன்மொழிவு அத்தடையைத் தளர்த்திய பிறகும் அது விளைவித்த தயக்கம் பல ஆசிரியர்களிடம் நீடிப்பது வருந்தத்தக்கது.

செயல்திட்டம் என்ற பெயரில் நடப்பவை எல்லாம் கற்றலாகிவிடுவதில்லை. ஆங்கிலம் நன்கறிந்த மாணவர் எழுதவும் பேசவும், அறியாதவர் படம் ஒட்டவும் வண்ணம் தீட்டவும் மட்டுமே பணிக்கப்படும் குழுக்கள் ஏராளம். அங்குப் புறக்கணிப்பு ஒத்துழைப்பின் வேடத்தில் தொடர்கிறது. எவரும் தம் பங்கின்றி முடிக்க இயலாதபடி சான்றுகளைப் பிரித்தளிப்பதும், வரலாற்றுச் சிந்தனைக்கும் மொழிப் பிழைக்கும் தனித்தனியே மதிப்பிடுவதும் இதற்குரிய மாற்று. இலக்கணம் பிறழ்ந்த வாக்கியத்தில் கூர்மையான காரணம் அடங்கியிருக்கலாம் என்பதை மதிப்பெண் அட்டவணை ஏற்றாக வேண்டும்.

சீனர் வரலாறு சீன மாணவர்க்கு மட்டுமே உரியது என்று கொள்வதும் பொருந்தாது. ஏஞ்சல் தீவில் ஜப்பானியரும் கொரியரும் இந்தியரும் ரஷ்யரும் தடுத்துவைக்கப்பட்டனர். ஸ்பானியம் பேசும் மாணவர்கள் மிகுந்த மிஷன் பகுதியில், மத்திய அமெரிக்கப் போர்களைக் குறித்து 1984இல் ஓவியர்கள் கூட்டாகத் தீட்டத் தொடங்கிய பால்மி சந்தின் சுவரோவியங்கள் உள்ளன. எல் சால்வடாரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை அச்சந்தில் நின்று ஒரு படத்தின் பொருளை வகுப்புத் தோழருக்கு விளக்கும்போது, அறிவை வைத்திருப்பவர் எவர், கேட்டறிபவர் எவர் என்ற வழக்கமான நிலை தலைகீழாகிறது. டூசான் நகரக் குடும்பங்களை ஆராய்ந்த லூயிஸ் மோலும் அவருடன் பணியாற்றியோரும் 'அறிவு வைப்பு' என்று குறிப்பிட்டதும் இதுபோன்ற குடும்ப அறிவைத்தான்.

குடும்பத்தினரைப் பேட்டி காணும் வாய்மொழி வரலாறு இச்செயல்திட்டங்களில் அடுத்து இயல்பாக வருவது; அதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். காகித மகன்களாக வந்தோர் தம் உண்மைப் பெயரைப் பிள்ளைகளிடமும் மறைத்து வாழ்ந்தனர். 1956இல் அரசு தொடங்கிய ஒப்புதல் திட்டத்தின்கீழ் ஒருவர் உண்மையைச் சொன்னால் அவரைச் சார்ந்த உறவினர் அனைவரின் நிலையும் கேள்விக்குள்ளாயிற்று என்பதால், மௌனமே அக்குடும்பங்களுக்குக் காப்பாக இருந்தது. இன்றைய மாணவர்களின் வீடுகளிலும் உரிய ஆவணமற்றோர் இருக்கக்கூடும். எப்படி வந்தீர்கள், எப்போது வந்தீர்கள் என்ற வினா வகுப்பறைப் பயிற்சித்தாளில் அச்சிடப்படும்போது அது தீவின் விசாரணை வினாவாகவே அக்குடும்பங்களின் காதில் விழும். ஆகவே பயணத்தைப் பற்றிக் கேட்காமல், தொழில், சமையல், திருவிழா, முதன்முதலில் குடியிருந்த தெரு ஆகியவற்றைப் பற்றிக் கேட்கும் வினாக்களை மாணவர்களே வகுத்துக்கொள்வதும், விடையளிக்க மறுக்கும் உரிமையைத் தாய்மொழியிலேயே முதலில் எடுத்துரைப்பதும், பதிவை வகுப்பில் பயன்படுத்தும் முன் குடும்பத்தாரிடம் மீண்டும் காட்டி இசைவு பெறுவதும், முழுப்பதிவின் ஒரு படியை மூலமொழியிலேயே அவர்களிடம் ஒப்படைப்பதும் செயல்திட்டத்தின் நடைமுறைக்குள்ளேயே இடம்பெற வேண்டியவை. இசைவு கிடைக்காத பேட்டிக்கு ஈடாக நகரத் தெருக்களின் பழைய வரைபடத்தையோ கடைப் பெயர்ப்பலகைகளையோ ஆராய்ந்து அதே மதிப்பெண் பெறும் வழியும் அம்மாணவருக்குத் தொடக்கத்திலேயே திறந்திருக்க வேண்டும்.