இல்லம் இட்ட வித்து
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்வாண்டு விழாவிலே ‘இல்லமும் சமய நம்பிக்கையும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். பொருள் பழையது, ஆயினும் நம் குடியிருப்பில் இன்று வீட்டுக்கு வீடு எழும் ஒரு வினாவோடு அது ஒட்டியிருக்கின்றது. “பிள்ளைகள் முன்போல் கோயிலுக்கு வருவதில்லையே” என்பது பெற்றோர் வருத்தம். “கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் வா, வா என்றால் எப்படி வருவது?” என்பது பிள்ளைகளின் வருத்தம். இருவர் வருத்தத்திலும் உண்மை இருக்கின்றது. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்துவதை நிறுத்தி, ஒன்றாக அமர்ந்து சிந்திக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நாம் வாழும் இடத்தையே முதலில் நோக்குவோம். ஆனைகட்டி இரு மாநிலங்களின் வாயில். கொடுங்கரைப்பள்ளத்தின் ஒரு கரை கோவை மாவட்டம். மறுகரை பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடி. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இரு கரையும் சென்னை மாநிலத்துக்கே உரியனவாக இருந்தன. அதன் பின் ஓடை எல்லையாயிற்று. ஆனால் மக்களின் வழிபாடு அந்த எல்லைக்குக் கட்டுப்படவில்லை. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்ந்த இந்நிலத்திலே கொங்கு நாட்டுத் தமிழரும், மலையாள நாட்டு மக்களும், திருவிதாங்கூரிலிருந்து வந்த கிறித்தவக் குடும்பங்களும் பின்னர் வந்து குடியேறினர்.

அட்டப்பாடியில் மல்லீசுவரன் முடியைக் காணாதவர் நம்முள் இல்லை. அம்மலையே சிவலிங்கம் என்பது பழங்குடி மக்களின் நம்பிக்கை. செம்மண்ணூர்க் கோயிலில் சிவராத்திரி வரும்போது அம்மக்கள் திரளாகக் கூடுகின்றனர். அவர்களுக்கு இந்நம்பிக்கையை ஊட்டியது எந்த நூல்? எந்தப் பள்ளி? தாயின் இடுப்பில் இருந்தபடி குழந்தை அம்மலையைப் பார்த்தது, “அதோ சாமி” என்று தாய் கைகாட்டினாள், அவ்வளவே. நீலமலைச் சாரலில் அரங்கசாமி முடியில் இருளர்களே பூசை செய்கின்றனர். அவர்களுக்கும் இல்லமே பாடசாலை.

அட்டப்பாடி நக்குப்பதி ஊரைச் சார்ந்த நஞ்சியம்மை என்னும் இருளர் குலத்து மூதாட்டி, தம் மொழியில் பாடிய திரைப்பாட்டுக்காக 2022-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதைப் பெற்றதை அறிவீர்கள். அவர் பாட்டு இசைப்பள்ளியில் கற்றதன்று. ஊரும் உறவும் பாடக் கேட்டு வளர்ந்தது. பாட்டுக்கு உரியதே வழிபாட்டுக்கும் உரியது. இல்லத்தில் காதில் விழுந்தது எளிதில் அழிவதில்லை.

புலம்பெயர்ந்த தமிழனும் இவ்வுண்மையை அறிந்தவன். ஊரைவிட்டு வேற்றிடம் சென்று தங்கும் குடும்பம், தன் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துச் சென்று புதிய இடத்தில் வைத்து வழிபடும். அதற்குப் பிடிமண் என்று பெயர். மூணாறு, தேவிகுளம், பீருமேடு ஆகிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரும் தம் மாரியம்மனையும் முனியாண்டியையும் கருப்பசாமியையும் தம்மோடு அழைத்துச் சென்றனர். கல்லும் மரமும் புதியவை. தெய்வம் பழைய தெய்வம். குழந்தை உள்ளத்தில் பெற்றோர் வைப்பதும் ஒரு பிடிமண்ணே ஆகும். ஆனால் புதிய நிலத்து மழையும் வெயிலும் அதன்மேல் படத்தானே செய்யும்?

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது நம் பழமொழி. இளமைப் பயிற்சியின் வலிமைக்கு இதைவிடச் சுருங்கிய விளக்கம் இல்லை. ஆயின், ஐந்தில் வளைந்தது ஐம்பது வரை அவ்வாறே நிற்கும் என்று இப்பழமொழி உறுதி கூறவில்லை. இதைத் தமிழர் வரலாற்றிலே மூவர் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வோம்.

முதலாவது திருநாவுக்கரசர். ஏழாம் நூற்றாண்டினர். திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாகப் பிறந்த மருள்நீக்கியார் அவர். சைவக் குடும்பம், தமக்கையார் திலகவதியார். பெற்றோர் அடுத்தடுத்து மறைந்தனர். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போரில் மாண்டார். உயிர்விடத் துணிந்த தமக்கை, தம்பிக்காக உயிர் தாங்கினார் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் கூறுகின்றார். மருள்நீக்கியார் நிலையாமையை எண்ணினார், அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார், மெய்ந்நெறி எது என்று ஆராய்ந்தார், சமணத்தைத் தழுவினார், தருமசேனர் என்னும் பெயரோடு அங்கே பெருமை பெற்றார்.

இங்கே ஒன்று கருதத் தக்கது. அவர் சமணத்துக்குச் சென்றது விளையாட்டினால் அன்று; வீட்டிலே கண்ட சாவுகளினால். அவரை வெளியே அனுப்பியதும் இல்லத்துத் துயரமே. மீண்டும் அழைத்துக் கொண்டதும் இல்லத்து அன்பே. சூலை நோயால் துடித்தபோது அவர் நாடியது தமக்கையாரை. திருவதிகையிலே தொண்டு செய்து கொண்டிருந்த திலகவதியார், இத்தனை ஆண்டும் எங்கே போயிருந்தாய் என்று கேட்டுக் கதவை அடைக்கவில்லை. திருநீறு அளித்துத் திருவதிகை வீரட்டானத்துக்கு அழைத்துச் சென்றார். தம்பி பிரிந்த நாளெல்லாம் அவர் செய்தவை இரண்டு: தம் நெறியில் தாம் உறுதியாக நின்றார்; தம்பிக்காக வேண்டிக்கொண்டார்.

இரண்டாமவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-இல் நெல்லைச் சீமைக் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்திலே பிறந்தவர். கம்பராமாயணத்தில் தோய்ந்த இல்லம் அது. சாயர்புரத்துக் கிறித்தவப் பள்ளியில் தமிழாசிரியராக அமர்ந்தார், 1858-இல் கிறித்தவரானார். ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி அவர் இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் நூலாக வெளிவந்தது. அதைப் படிப்போர் கம்பனின் சந்தத்தை உணராமல் இருக்க முடியாது. நம்பிக்கை மாறியது, நம்பிக்கையைப் பாடிய நாவோ தந்தை வீட்டு நாவாகவே இருந்தது. மதம் மாறிய மகனைப் பார்த்து, “எங்கள் வளர்ப்பெல்லாம் வீணாயிற்று” என்று வருந்தும் பெற்றோர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாமவர் பெரியார் ஈ. வெ. இராமசாமி. 1879-இல் ஈரோட்டிலே வைணவப் பற்று மிக்க வணிகர் வீட்டிலே பிறந்தார். புராணம் சொல்வோருக்கு அவ்வீட்டில் நாள்தோறும் வரவேற்பு இருந்தது. அவர்கள் கூறிய கதைகளில் இருந்தே சிறுவன் தன் கேள்விகளை எடுத்துக் கொண்டான். 1904-இல் காசிக்குச் சென்றவர், அங்கே கண்டவற்றால் மேலும் ஐயம் கொண்டார். இறைமறுப்பாளராக வளர்ந்த அவரே 1924-இல் நம் கேரள மண்ணிலே, வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றார். அவர் துணைவியார் நாகம்மையாரும் அப்போராட்டத்தில் பங்கு கொண்டார். பக்தியும் மறுப்பும் ஒரே வீட்டில் வளரக் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஒருவர் சென்று மீண்டார். ஒருவர் சென்று அங்கேயே நின்றார். ஒருவர் எல்லாவற்றையும் மறுத்தார். முடிவுகள் வேறு. ஆயினும் மூவரிடத்தும் வீட்டின் சுவடு இருந்தது. ஆதலின் இல்லம் நம்பிக்கையின் முடிவைத் தீர்மானிப்பதில்லை. நம்பிக்கை பற்றி மனிதன் எழுப்பும் வினாக்களையும், அவ்வினாக்களைப் பேசும் மொழியையும் அது தருகின்றது. பின்னர் வெளியிலிருந்து வரும் ஒரு குரல் அந்த வித்துக்கு மழையாகலாம். 1990-இல் இதே ஆனைகட்டியில் ஆர்ஷ வித்யா குருகுலத்தை நிறுவிய சுவாமி தயானந்த சரஸ்வதி அவர்கள், 1930-இல் மஞ்சக்குடிச் சிற்றூரில் பிறந்தவர். இளமையில் சுவாமி சின்மயானந்தரின் சொற்பொழிவைக் கேட்டபின்பே வேதாந்த வழியில் திரும்பினார்.

அயல்நாட்டு ஆராய்ச்சியும் இதனோடு ஒத்துப் போகின்றது. அமெரிக்க அறிஞர் வெர்ன் பெங்ட்சன், தென் கலிபோர்னியாவில் 1970 முதல் பல ஆண்டுகளாக நான்கு தலைமுறைக் குடும்பங்களை ஆராய்ந்து, 2013-இல் நூலாக வெளியிட்டார். ஆராயப்பட்டோர் மூவாயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர். பெற்றோர் எவ்வளவு பக்தியுடையவர் என்பது மட்டும் போதாது. பிள்ளை பெற்றோரிடம், குறிப்பாகத் தந்தையிடம், எவ்வளவு அன்பு நெருக்கத்தை உணர்கின்றான் என்பதே சமயம் தலைமுறை கடந்து செல்லப் பெருந்துணை என்பது அவர் கண்ட முடிவு. பாட்டன் பாட்டியரின் பங்கும் பெரிது என்றார். அதட்டி அனுப்பிய பக்தி தெருமுனை வரைதான் செல்லும் என்று நம் பாட்டிமார் அறிந்ததையே அவர் எண்ணிக்கையோடு சொன்னார்.

அன்பர்களே, இங்கே நம்பிக்கை வேறு, கலந்துகொள்ளல் வேறு என்று பிரித்தறிய வேண்டும். திருவிழாவுக்கு வராதவர் எல்லாரும் நம்பிக்கை இழந்தவர் அல்லர். கோவையிலும் கொச்சியிலும் வேலை பார்க்கும் இளைஞனுக்கு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை விடுமுறை கிடைப்பதில்லை. அவன் தன் அறையில் அன்னையின் படத்தை வைத்துக் கும்பிடலாம். வருவோர் எல்லாரும் நம்பிக்கையுடையோர் என்றும் கூறிவிட முடியாது. உறவினரைக் காண்பதற்கும் கூழ் குடிப்பதற்கும் வருவோரும் உண்டு. அதுவும் தவறன்று. ஆகவே வருகையை எண்ணி மனத்தை அளக்க வேண்டாம்.

ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். பல ஊர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும் வழக்கம் உண்டு. அந்தப் பட்டியலில் பெயர் இருப்பது பணம் கொடுத்தான் என்பதற்கு மட்டும் அடையாளம் அன்று. அவன் நம்மவன் என்பதற்கும் அடையாளம். வேறு சமயத்தில் மணம் செய்தான், வேறு வழிபாட்டை ஏற்றான், அல்லது எதையும் ஏற்கவில்லை என்பதற்காக ஒரு பெயரை அடித்துவிடும்போது, நாம் ஒரு குடும்பத்தின் கதவையே அடைத்து விடுகின்றோம். தாய் விழாவுக்கு வருவாள். மகன் தெருவில் நிற்பான். அந்தத் தாயின் கண்ணீரோடு எடுக்கும் தீச்சட்டி எந்த அன்னைக்கு மகிழ்ச்சி தரும்? நம் அரசியல் அமைப்பின் 25-ஆம் பிரிவு மனச்சான்றின் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளித்துள்ளது. சட்டம் அளித்ததைச் சுற்றம் பறிக்கலாகாது.

வேறொரு குறையையும் நம் இல்லங்களில் காண்கின்றேன். நம் பிள்ளைகளில் பலர் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ பயில்கின்றனர். ஓணமும் விஷுவும் அவர்களுக்குத் தம் திருநாள்களே. கிறித்துமசு நட்சத்திரம் கட்டுவதிலும் முன் நிற்கின்றனர். அயலாரோடு கலந்து மகிழ்வது நற்பண்பு; மகிழ்ச்சியோடு ஊக்குவிப்போம். ஆனால் தமிழ் எழுத்தை அறியாத பிள்ளைக்குத் தேவாரமும் திருவாய்மொழியும் வெறும் ஓசை. பொருள் அறியாத ஓசை ஒருநாள் சலிக்கும். சமயப் பயிற்சி தரவில்லையே என்று வருந்துவோர், முதலில் தமிழ்ப் படிப்பைத் தரட்டும். படித்தபின் ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் உரிமை. படிக்காமல் இழப்பது நம் குற்றம்.

எனவே பெற்றோர்க்கு மூன்று விண்ணப்பங்கள். பிள்ளை கேள்வி கேட்டால் சினவாதீர்கள். அறிந்ததைச் சொல்லுங்கள், அறியாததை அறியேன் என்று சொல்லுங்கள். நீங்கள் செய்யாத நோன்பைப் பிள்ளைக்கு விதிக்காதீர்கள். தந்தைமார் பூசையறையைத் தாய்மாருக்கு மட்டும் விட்டுவிட்டு வெளித்திண்ணையில் அமர்ந்துகொண்டு, பிள்ளை வரவில்லை என்று குறை கூறாதீர்கள்.

இளைஞர்களுக்கு ஒரே விண்ணப்பம். நம்பிக்கை இல்லாவிட்டாலும் பாட்டியின் விளக்கை ஏளனம் செய்யாதீர்கள். அந்த விளக்கொளியில்தான் அவர் உங்கள் தந்தையின் காய்ச்சலைத் தணித்தார், வறுமையைத் தாங்கினார், ஊர்விட்டு ஊர் வந்த அச்சத்தை வென்றார். ஏற்க முடியாததை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு; அதனை அன்போடு மறுக்கும் கடமையும் உண்டு.

சங்கத்துக்கும் ஒன்று கூறுவேன். வரும் ஆண்டிலிருந்து விடுமுறை நாள்களில் தமிழ் வகுப்பு ஒன்று நடத்துவோம். அதில் பாட்டன் பாட்டியர் தம் ஊர்க் கதைகளையும் குலதெய்வ வரலாற்றையும் கூறட்டும். பிள்ளைகள் எழுதிக் கொள்ளட்டும். தலைக்கட்டுப் பட்டியலில் ஒருவர் பெயரையும் சமய வேறுபாட்டுக்காக நீக்குவதில்லை என்று இம்மேடையிலேயே தீர்மானிப்போம். திலகவதியார் கதவு திறந்து வைத்தமையால் தமிழுக்குத் தேவாரம் கிடைத்தது. நம் வீட்டுக் கதவுகளும் திறந்தே இருக்கட்டும்.

நிலம் வேறானாலும் நாம் கொண்டுவந்த பிடிமண் வளமுடையது. வித்திடுவது நம் பணி. முளைப்பது அதன் இயல்பு. பொறுமையோடு நீர் வார்ப்போம்.