மினிஸ்டரும் மேஸ்திரியும்

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, ஓமந்தூர்ப் பெருமக்களே, வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் இருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

பதவி என்பது அதிகாரமா, பணியா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "அமைச்சு என்பதை வள்ளுவரே ஓர் அதிகாரமாகத்தான் வைத்திருக்கிறார்" என்று ஒரு போடு போட்டார். நீங்களும் கை தட்டிட்டீங்க. ஐயா, அமைச்சு 64-ஆவது அதிகாரம். 106-ஆவது அதிகாரம் என்ன தெரியுமா? இரவு. அதாவது பிச்சை கேட்பது. அதுவும் அதிகாரம்தான்! (சிரிப்பு)

நான் குறளை விட்டுவிட்டு இங்கிலீஷுக்கே போகிறேன். 'மினிஸ்டர்' என்று தினம் சொல்கிறோமே, அது லத்தீன் சொல். அங்கே அதற்கு என்ன பொருள்? வேலைக்காரன்! கணக்கில் 'மைனஸ்' போடுறோம் பாருங்க, அதே வேர்தான். குறைந்தவன், கீழே நிற்பவன். இதற்கு எதிர்ச்சொல் 'மாஜிஸ்டர்'. 'மாஜிஸ்' என்றால் கூடுதல். மேலே நிற்பவன். அதிலிருந்துதான் மாஸ்டர் வந்தார், மாஜிஸ்ட்ரேட் வந்தார். போர்ச்சுக்கீசியர்கள் அதையே 'மெஸ்த்ரே' ஆக்கிக் கப்பலில் கொண்டுவந்தார்கள். நம்ம ஆள் அதை மேஸ்திரி ஆக்கிட்டான். ஆக, பிறப்பைப் பார்த்தால் மேஸ்திரி மேலே, மினிஸ்டர் கீழே! (பலத்த கைதட்டல்)

அதுக்காக மினி பஸ்ஸையும் இந்தக் குடும்பத்துல சேர்த்துடாதீங்க. அது 'மினியேச்சர்' என்ற சொல்லின் குறுக்கம். அந்தச் சொல்லுக்கு மூலம், ஏட்டில் சிவப்பு எழுத்து எழுதப் பயன்பட்ட ஈயச் செந்தூரம். அது வேறு குலம், வேறு கோத்திரம்.

வேலைக்காரன் எப்படி ஐயா பெரிய ஆள் ஆனான்? இங்கிலாந்தில் மினிஸ்டர் ராஜாவின் ஊழியன். ராஜாவின் கை தளரத் தளர, ஊழியனின் கை ஓங்கியது. பெயர் மட்டும் பழைய பெயராகவே நின்றுவிட்டது. 'பிரைம்' என்றால் முதல். பிரைம் மினிஸ்டர் என்றால்? முதல் வேலைக்காரர்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. எங்கப்பா விவசாயி. பட்டாவில் பெயர் திருத்த மனு எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். எனக்குப் பத்து வயசு, கூடவே போனேன். படி ஏறும்போதே தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மத்தியானம் வரைக்கும் வராந்தாவில் நின்றார். மனு கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. பஸ்ஸில் வரும்போது, "அவர் யாருப்பா?" என்று கேட்டேன். "சர்க்கார் ஊழியருடா. நமக்கு ஊழியம் பண்றவர்" என்றார். அவர் கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"பார்த்தீர்களா, அதுதான் அதிகாரம்" என்று எதிரணி சொல்லும். சொல்லட்டும். எங்கப்பா துண்டை அவிழ்த்தது பதவிக்காக இல்லை. பதவியின் அர்த்தத்தை மறந்த ஒரு மனிதருக்காக. மறக்காத மனிதர் ஒருவர் இந்த ஊரில் பிறந்திருக்கிறாரே!

1947 மார்ச் 23. ஓமந்தூர் விவசாயி ஓ.பி. ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்துப் பிரதமர் ஆனார். ஆமாம், அப்போது மாகாணத் தலைவருக்கே அந்தப் பெயர்தான். முதலமைச்சர் என்ற பெயர் 1950-இல் அரசியல் சட்டத்தோடு வந்தது. அவர் இருந்தது இரண்டு வருஷமும் சில நாளும். அதற்குள் ஆலயப் பிரவேசத்துக்கு 1947-இல் சட்டம். தேவதாசி முறையை ஒழிக்க அதே ஆண்டில் இன்னொரு சட்டம். ஜமீன்களை ஒழிக்க 1948-இல் சட்டம். கோயில் வாசலுக்கு வெளியே நின்றவனுக்கும், பொட்டுக் கட்டப்பட இருந்த பெண் குழந்தைக்கும், ஜமீன் நிலத்தில் உழுதவனுக்கும் செய்த வேலை இது. 1949 ஏப்ரலில் கட்சிக்குள் எதிர்ப்பு வந்தது. பதவியை விட்டு இறங்கினார். பிறகு வடலூரில் வள்ளலார் வழியில் தொண்டு செய்தார். பதவி போன பிறகும் வேலை போகவில்லை, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

மணி அடிக்கிறீங்க, ஒரே ஒரு விஷயம். 'டு மினிஸ்டர்' என்று வினைச்சொல்லாகச் சொன்னால், பணிவிடை செய்வது என்று பொருள். நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து கவனிப்பதற்கும் அந்தச் சொல்லைச் சொல்வார்கள். சென்னையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் இருக்கிறதே, அங்கே 2010-இல் சட்டசபைக்கும் தலைமைச் செயலகத்துக்கும் ஒரு கட்டிடம் எழுந்தது. 2014-இல் அது பல்நோக்கு மருத்துவமனை ஆயிற்று. ஏன், எதற்கு என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. மினிஸ்டர்கள் உட்காரக் கட்டிய இடத்தில் இப்போது நோயாளிகள் படுத்திருக்கிறார்கள், பக்கத்தில் நர்ஸம்மா நிற்கிறார். லத்தீன் தெரிந்தவனைக் கூட்டி வந்து, "இதில் மினிஸ்டர் யார்?" என்று கேட்டால், அவன் நர்ஸம்மாவைத்தான் காட்டுவான்.