வண்டிக்கு மறதி வராமல் பெட்டரி மாற்றுவோம்

(தோட்டத்துச் சிறுவர் நிலைய மண்டபத்தில், வாகனம் வைத்திருக்கும் குடும்பத்தினர் மத்தியில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மண்டபத்தில் நாம் பேசுவது குடிநீர், பிள்ளைகளின் நிறை, சேமிப்பு போன்ற விஷயங்களைத்தான். இன்றைக்கு வாகனப் பெட்டரி என்றதும் சிலர் சிரித்தீர்கள். "ஐயா கராஜ் போடப் போறாரா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டதும் நமது காதில் விழுந்தது. பரவாயில்லை. ராத்திரியில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி வந்தால் லயத்து வாசலுக்கு வருவது யாருடைய வண்டி? நமது பிள்ளைகளின் ஓட்டோவும் வேனும்தான். அந்த வண்டி ஒரு வாரம் நின்றால் ஒரு வீட்டின் லீசிங் தவணை நிற்கிறது. ஆகவே இதுவும் நலன்புரி விஷயம்தான்.

முதலில் நாம் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

நாம் பிறந்தது கல்முனைக் கரையில் என்பது உங்களுக்குத் தெரியும். 2023 ஆகஸ்ட் மாதம், கடலையே காணாத பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுவோம் என்று ஒரு வேனில் கூட்டிக்கொண்டு போனோம். மொனராகலை, சியம்பலாண்டுவ, அம்பாறை, காரைதீவு வழியாகக் கல்முனை. வேன் நமது தோட்டத்துத் தம்பி ஒருவருடையது. அவருடைய தாயார் முப்பது வருஷம் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணம்தான் அந்த வேனுக்கு முற்பணம். ஜப்பானில் ஓடி இங்கே வந்த பெட்ரோல் வேன். திரையுள்ள பிளேயர், சுவிட்சை ஒரு தரம் தொட்டால் தானாக ஏறும் கண்ணாடி, எல்லாம் இருந்தது.

பின்னேரம் முழுக்கக் கடற்கரையில் கதவுகளைத் திறந்துபோட்டு, பிள்ளைகளுக்குப் பாட்டும் போட்டுவிட்டிருந்தோம். புறப்படும்போது 'டக், டக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. பெட்டரி கிழமாகிப் போயிருந்தது. நாம் ஓட்டோ பிடித்துப் போய்ப் புதுப் பெட்டரி வாங்கி வந்தோம். கடைக்கார காக்கா, "பொடியன அனுப்பட்டா தம்பி?" என்று கேட்டார். "வேணாம் காக்கா, நாமளே பூட்டுவோம்" என்று சொல்லிவிட்டோம். பழைய டொல்பின் வேனில் பழகிய கை. பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தோம், பழையதைக் கழற்றினோம், புதியதைப் பூட்டினோம். எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பிறகுதான் தெரிந்தது. மணிக்கூடு மாறிவிட்டது. பிளேயர் திரையில் ஜப்பான் எழுத்தில் ஏதோ இரகசிய இலக்கம் கேட்டது. கண்ணாடி தானாக ஏறவில்லை. அதைவிட மோசம், சந்திகளில் நிறுத்தினால் எஞ்சின் நடுங்கி நின்றுபோனது. ஒருவாறு மலையேறி வந்து சேர்ந்தோம்.

அடுத்த நாள் தம்பி வேனை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். "கம்பியூட்டர் பொக்ஸ் போயிட்டு, புதுசு போடணும்" என்று சொன்னார்கள். கேட்ட தொகை மூன்று மாதத் தவணைக்குச் சமம். வேன் அங்கேயே நின்றது. பள்ளிப் பிள்ளைகள் நடந்து போனார்கள். மூன்றாம் நாள் அந்தத் தாயார் நமது கந்தோருக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "ஐயா, நீங்க கை வச்ச வண்டிங்க" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை இன்னும் நமது நெஞ்சில் நிற்கிறது.

கல்முனைக் காக்காவுக்குப் போன் எடுத்தோம்.

"தம்பி, பழைய பெட்டரியக் கழட்டக்குள்ள வேற கரண்ட் ஏதும் குடுத்தீங்களா?"

"இல்ல காக்கா."

"அப்ப வண்டிக்கு ஒண்டுமில்ல. அது மறந்திரிக்கு. திருப்பிப் படிச்சிக் குடுங்க, செரியாகிரும்."

அவர் போனில் சொல்லச் சொல்லச் செய்தோம். ஏ.சி., லைட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, எஞ்சினைச் சூடாக்கி, மிதிக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா ஓடவிட்டோம். பிறகு மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டினோம். நடுக்கம் நின்றது. கண்ணாடியை மேலே ஏற்றி, சுவிட்சை விடாமல் சில விநாடி பிடித்தோம். அதுவும் சரியானது. பிளேயரின் இலக்கத்தை மட்டும் காசு கொடுத்துத்தான் பெற வேண்டியிருந்தது. அந்தக் காசை நாம் கொடுத்தோம். பொக்ஸ் எதுவும் மாற்றவில்லை. அந்த வேன் இன்றும் ஓடுகிறது.

இந்த மறதி எப்படி வருகிறது? கணக்கப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். செக்ரோலில் எழுதியது அவர் தூங்கினாலும் அழியாது. மனதில் வைத்திருந்த கணக்கோ தூக்கத்தோடு போய்விடும். வண்டியிலும் அப்படித்தான். எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எந்தச் சாவிக்குத் திறக்க வேண்டும் என்பதெல்லாம் செக்ரோலில் எழுதியதுபோல, பெட்டரி இல்லாவிட்டாலும் இருக்கும். மணி, ரேடியோ நிலையங்கள், கண்ணாடியின் எல்லை, எஞ்சின் ஓடி ஓடிப் பழகிக்கொண்ட அளவுகள் போன்றவை பல வண்டிகளில் மனக்கணக்கு. கரண்ட் அறுந்தால் மறந்துவிடும். பிளேயர் இலக்கம் கேட்பது பழுது அல்ல. திருடன் கழற்றிக்கொண்டு போனாலும் அவனுக்குப் பயன்படக்கூடாது என்று வைத்த பூட்டு அது.

இது இப்போது ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருஷமும் இருந்த வண்டியைத்தான் நாம் தட்டித் தடவி ஓட்டினோம். 2022 இல் எண்ணெய் இல்லாமல் வண்டிகள் வாரக்கணக்கில் நின்றன. நிற்கும் வண்டியிலும் அந்த மனக்கணக்கைக் காப்பாற்றப் பெட்டரி கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிக்கொண்டே இருக்கும். அதனால் பெட்டரி கெட்ட வீடுகள் பல.

பிறகு ஒரு விடுமுறையில் கல்முனைக்குப் போனபோது, காக்காவின் கடையிலேயே ஒரு நாள் நின்று பார்த்தோம். அவர் காட்டியதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, பெட்டரி உண்மையிலேயே கெட்டதா என்று பாருங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் கிளிப்புகள் சீக்கிரம் அரிக்கும். மலையில் நமக்கு ஈரம் இருக்கிறது. கிளிப்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், பெட்டரியை வாங்கும் முன் அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கிப் பூட்டிப் பாருங்கள். கழுவும் தண்ணீர் பெட்டரி மூடிக்குள் போகக்கூடாது. மீற்றர் வைத்தால், நின்ற வண்டியில் நல்ல பெட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது சாதாரணமாக 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் குறை ஆல்டனேட்டரில் இருக்கலாம். அப்போது புதுப் பெட்டரியும் செத்துப்போகும்.

இரண்டாவது, எழுதி வையுங்கள். ரேடியோ நிலையங்கள், பிளேயரின் இரகசிய இலக்கம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். இலக்கம் உங்களிடம் இல்லையென்றால் கரண்ட் அறாமல் மாற்றுவதுதான் வழி.

மூன்றாவது, கரண்ட் அறாமல் மாற்றும் விதம். மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் சிறிய பெட்டரி ஒன்று போதும். நடுவில் பியூஸ் வைத்த இரண்டு வயர் வேண்டும். சாவியைக் கழற்றி உங்கள் சட்டைப் பையில் போடுங்கள், கதவு தானாகப் பூட்டிக்கொள்ளக்கூடும். கதவுகளைச் சாத்துங்கள், உள்லைட் எரிந்தால் சிறிய பெட்டரி களைத்துவிடும். சிறிய பெட்டரியின் பிளஸ்ஸை வண்டியின் பிளஸ் கிளிப்பில் உள்ள போல்ட்டிலும், மைனஸ்ஸை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் நன்றாகக் கவ்வ வையுங்கள். பிறகு பழைய பெட்டரியின் மைனஸ் கிளிப்பை முதலில் கழற்றுங்கள், அடுத்துப் பிளஸ். பூட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். "கழற்றும்போது கழித்தல், பூட்டும்போது கூட்டல்" என்று மனதில் வையுங்கள். புதியது பூட்டி இறுக்கிய உடனே சிறிய பெட்டரியை எடுத்துவிடுங்கள்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. சாதாரணமாகக் கழற்றினால் பிளஸ் கிளிப் செத்த கிளிப். இந்த முறையில் அது உயிருள்ள கிளிப். வண்டியின் இரும்பில் முட்டினால் பொறி பறக்கும். காக்கா அதைக் கழற்றிய அந்த நிமிடமே பழைய சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிக் கட்டிவிட்டார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பிளஸ், மைனஸ் மாறக் கொடுத்தால் உண்மையாகவே பொக்ஸ் எரிந்துவிடும். கையில் நடுக்கம், மனதில் சந்தேகம் இருந்தால் இந்த முறை வேண்டாம். சாதாரணமாகக் கழற்றி, பிறகு படித்துக் கொடுங்கள். மறதியைத் திருத்தலாம், எரிந்ததைத் திருத்த முடியாது.

புதிய வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளையுள்ள ஓபிடி சொக்கட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் விற்ற கார்களுக்குக் கட்டாயமாக்கிய பிறகு உலகமெங்கும் பரவியது அது. அதில் குத்தி இப்படிக் கரண்ட் கொடுக்கும் வயரும் கடைகளில் உண்டு. பெட்டரி ஏற்கனவே முழுதாகச் செத்துக் கிடந்தால் இந்த வேலை எதுவும் பயன்படாது. மறக்க வேண்டியதை வண்டி அப்போதே மறந்திருக்கும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் பேசுவது 12 வோல்ட் சிறு பெட்டரியைப் பற்றி மட்டும். செம்மஞ்சள் நிற வயர் போகும் பெரிய பெட்டரியை யாரும் தொடக்கூடாது, அது ஆளைக் கொல்லும். பல பிரியஸ் கார்களில் அந்தச் சிறு பெட்டரி பின்பக்கம் சாமான் வைக்கும் இடத்தில் இருக்கிறது. பின்கதவு கரண்டில் திறப்பது. பெட்டரியைக் கழற்றிய பிறகு கதவைச் சாத்திவிடாதீர்கள்.

பெட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட், குப்பிவிளக்கு எதுவும் கூடாது, அதிலிருந்து எரியும் வாயு வரும். மோதிரம், கைமணிக்கூட்டைக் கழற்றுங்கள். அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, உடனே டிஸ்பென்சரிக்கு வாருங்கள்.

தாய்மார்களே, பழைய பெட்டரி உங்கள் கவனத்துக்கு. அதை உடைத்து ஈயம் உருக்கி விற்கலாம் என்று யாராவது சொன்னால் லயத்துப் பக்கமே விடாதீர்கள். செனகல் நாட்டில் டக்கார் நகரத்துக்கு அருகே தியாரோய் என்ற கரையோர ஊரில், பழைய பெட்டரி ஈயம் கலந்த மண்ணால் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். பழைய பெட்டரியைக் கடையிலேயே கொடுங்கள், புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று. பெட்டரி மாற்றிய பிறகு வண்டி நடுங்கினால் பயப்படாதீர்கள். "பொக்ஸ் போயிட்டு" என்று யார் சொன்னாலும் உடனே காசை எண்ணிக் கொடுக்காதீர்கள். முதலில் படித்துக் கொடுத்துப் பாருங்கள். அதற்கு ஒரு மணித்தியாலம் போதும். அதன் பிறகும் சரிவராவிட்டால் கராஜுக்குப் போங்கள். நமக்கு இது தெரியாததால் ஒரு தாயின் மூன்று நாள் கண்ணீர் போனது. கூடவே காக்கா பொடியனை அனுப்பட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்ற நமது பெருமையும் போனது. தெரியாததைக் கேட்பதில் வெட்கம் இல்லை.

இந்தப் பக்கத்தைக் கிழித்து வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனரும் ஒரு துண்டு சைக்கிள் டியூப்பும் அதோடு இருக்கட்டும்.