வேலைக்குப் போகும் தாயும் வீட்டில் நிற்கும் மகளும்

(யூபிலி விழாவை முன்னிட்டு நடந்த குடும்பக் கூட்டத்தில், பங்கின் மாதர் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

விழாக் குழுவினர் எங்களுக்குக் கொடுத்த தலைப்பு "உழைப்பும் இல்லறமும்" என்பது. தலைப்பைப் பற்றிக் கூடிப் பேசவே எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஒருவருக்கு முதல் ஷிப்டு என்றால் இன்னொருவருக்கு இரவு ஷிப்டு. ஒருவர் வந்தால் மற்றவர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். கூட்டம் கூட முடியாமல் போனதே எங்கள் உரையின் முதல் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருமகள் வந்து நின்றதால் நம் ஊருக்குத் திருநின்றவூர் என்று பெயர் வந்ததாகப் பெரியோர் சொல்வர். இன்று நம் ஊர் மகளிர் நிற்கும் இடத்தைக் காண வேண்டுமானால், விடியற்காலையில் ரயில் நிலையத்துக்கும் நெடுஞ்சாலை ஓரத்துக்கும் வர வேண்டும். கிழக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும், மேற்கே திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டைக்கும் போகிறவர்கள் லோக்கல் வண்டிக்காக நிற்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், கும்மிடிப்பூண்டி என்று போகிறவர்கள் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நால்வர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்று மத்திய அரசின் தொழில்துறைக் கணக்கெடுப்பு கூறுகிறது. அந்த நால்வரில் நம் பங்கின் பெண்களும் அடக்கம்.

தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தோற்றுவித்த கர்தினால் கார்டைன் அவர்கள் ஒரு வழிமுறையைக் கற்பித்தார்: காணுதல், தீர்மானித்தல், செயல்படுதல். அந்த வரிசையிலேயே எங்கள் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, காணுதல். தாய் நான்கரை மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டால், அந்த வீட்டில் அடுப்பை யார் பார்க்கிறார்கள்? கைக்குழந்தையை யார் தூக்குகிறார்கள்? பாட்டி இருந்தால் பாட்டி. பாட்டி இல்லாத வீட்டில் மூத்த மகள்.

எங்களுள் ஒருவர் அப்படி வளர்ந்தவர். அவர் எட்டாம் வகுப்பில் இருந்தபோது தம்பி பிறந்தான். தாயாருக்கு ஒரு தையல் கம்பெனியில் வேலை. மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பாவிட்டால் இடம் போய்விடும். "டீச்சர் கேட்டால் காய்ச்சல் என்று சொல்லச் சொல்லடி" என்று அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லியனுப்பினார். அந்தக் காய்ச்சல் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. அந்தச் சிறுமிக்கு இன்று வயது நாற்பதைக் கடந்துவிட்டது. தம்பி படித்து நல்ல நிலையில் இருக்கிறான். சென்ற ஆண்டு தம் மாமியார் படுக்கையில் விழுந்தபோது, பத்தாம் வகுப்பில் படிக்கும் தம் மகளிடம், "இந்த வாரம் மட்டும் லீவு போடேன் கண்ணு" என்று சொல்ல வாயெடுத்தாராம். "என் அம்மாவின் குரல் என் வாயிலிருந்து வந்தது போல இருந்தது, அன்று கம்பெனி பஸ்ஸைப் போக விட்டுவிட்டேன்" என்று எங்களிடம் சொன்னார். ஒரு நாள் சம்பளம் போயிற்று. மகள் பள்ளிக்குப் போனாள்.

இன்னொருவர் ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரு தொழிற்சாலையில் இருந்தார். நான்காம் மாதம் தெரிந்ததும், "உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா, பிறகு பார்க்கலாம்" என்று அன்பாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. கையில் ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தது. அதில் என்ன உரிமை இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. கேட்கத் தெரிந்தவர்களும் அருகில் இல்லை. நம் பங்கிலேயே படித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தும், அவர் யாரிடமும் கேட்கவில்லை. நாமும் அவரிடம் கேட்கவில்லை.

இரண்டாவது, தீர்மானித்தல். இந்த நிலைக்குச் சட்டம் இல்லாததுதான் காரணமா? இல்லை என்றே சொல்ல வேண்டும். மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வும் ஊதியமும் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-ஆம் ஆண்டிலேயே வகுத்தது. பம்பாய் மாகாணத்தில் 1929-ல் மகப்பேறு உதவிச் சட்டம் வந்தது. 1930-களில் சென்னை மாகாணத்திலும் வந்தது. இந்தியா முழுவதற்குமான சட்டம் 1961-ல் இயற்றப்பட்டது. 2017-ல் அது திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரமாக இருந்த ஊதிய விடுப்பு 26 வாரம் ஆயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் 4 முறை போய்த் தன் குழந்தையைப் பார்த்து வரலாம் என்றும் அத்திருத்தம் சொன்னது. 2020-ல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமைகள் இடம்பெற்றுள்ளன. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்குவது சட்டப்படி குற்றம்.

அப்படியானால் குறை எங்கே? ஒரே தெருவில் மூன்று வீடுகளை எண்ணிப் பாருங்கள். முதல் வீட்டுப் பெண் தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை. அரசு ஊழியருக்கு 2016-ல் 9 மாதமாகவும் 2021-ல் 12 மாதமாகவும் மகப்பேறு விடுப்பு உயர்த்தப்பட்டது. இரண்டாம் வீட்டுப் பெண் தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளி. அவருக்கு 26 வாரம். மூன்றாம் வீட்டுப் பெண் ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலிக்கு வேலை செய்பவர், அல்லது நாலு வீட்டில் பாத்திரம் துலக்குபவர். அவருக்கு உடல் ஒத்துழைக்காத நாள்தான் விடுப்பு. அன்று கூலியும் இல்லை. ஏழைத் தாய்மாருக்காக 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், ரொக்கமும் ஊட்டச்சத்துப் பொருளுமாக வழங்கும் தொகை 2018-ல் 18,000 ரூபாய் ஆயிற்று. அது நல்ல திட்டம். பல வீடுகளில் பத்தியத்துக்கு அதுதான் துணை. ஆனால் அது ஆறு மாதச் சம்பளத்துக்கு ஈடாகாது. மூன்று குழந்தைகளுக்கும் பசி ஒன்றுதான். சட்டம்தான் வேறு வேறாக இருக்கிறது.

இன்னொரு குறை, செலவை யார் ஏற்பது என்பதில் இருக்கிறது. 26 வாரச் சம்பளம் முழுவதையும் அந்த ஒரு முதலாளியே கொடுக்க வேண்டும் என்றால், சிறிய கம்பெனிக்காரர் கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்குகிறார். பெண்ணுக்கு என்று எழுதிய சலுகை, பெண்ணுக்கே வாசலை அடைத்துவிடுகிறது. நம் வட்டாரத்திலேயே ஒரு பெரிய கைபேசித் தொழிற்சாலையில் திருமணமான பெண்களை ஒதுக்குவதாக 2024 ஜூன் மாதத்தில் செய்தி வெளிவந்து, மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஈ.எஸ்.ஐ. முறையில் இந்தச் சிக்கல் குறைவு. 2019 ஜூலை முதல் தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி மூன்றேகால் ரூபாயும் கட்டுகிறார்கள். ஆண் தொழிலாளிக்கும் பெண் தொழிலாளிக்கும் ஒரே விகிதம். அந்தப் பொது நிதியிலிருந்து தாய்க்கு 26 வாரத்துக்குப் பணம் கிடைக்கிறது. பிரசவச் செலவு எல்லாருடைய தோளிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்போது யாருக்கும் கனக்கவில்லை. இம்முறை ஒப்பந்தத் தொழிலாளர் எல்லாருக்கும் ஒழுங்காகச் சென்று சேர வேண்டும், வீட்டு வேலை செய்வோருக்கும் விரிய வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை.

காப்பகத்தைப் பற்றியும் ஒரு சொல். காப்பகம் என்று பலகை தொங்கும் அறையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பதை எங்களுள் சிலர் கண்டதுண்டு. அறை நன்றாகவே இருந்தாலும், பச்சைக் குழந்தையை இருட்டில் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி ஒன்றரை மணி நேரம் கொண்டுபோக எந்தத் தாய்க்கு மனம் வரும்? காப்பகம் வீட்டுக்கு அருகில், ரயிலடிக்கு அருகில், ஷிப்டு நேரத்துக்குத் திறந்திருக்க வேண்டும். நிறுவனங்கள் பல சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தச் சட்டமே இடம் தருகிறது.

நல்ல கொள்கை என்ன செய்யும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், ஊர்ப்புறத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15-ஆம் நாள் விரிவாக்கப்பட்டது. அந்தத் தொடக்க விழா நடந்தது நம் திருவள்ளூர் மாவட்டக் கீழச்சேரியில், புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில். அதைக் குழந்தைகளின் பசி தீர்க்கும் திட்டம் என்றே எல்லாரும் பேசினார்கள். நாங்கள் அதைத் தாயின் காலைப் பொழுதில் அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்த திட்டம் என்றும் சொல்வோம். அடுப்படியில் நின்ற மூத்த மகளுக்கும் அந்த அரை மணி கிடைத்தது.

இனி வீட்டுக்குள் வருவோம். நம் ஆண்மக்கள் கோபிக்கக் கூடாது. 2024-ஆம் ஆண்டில் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். சுவீடன் நாட்டில் 1974-லேயே பிள்ளை வளர்ப்பு விடுப்பைத் தந்தையும் எடுக்கலாம் என்று சட்டம் செய்தார்கள். நம் நாட்டில் மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் கம்பெனியில் வேலை செய்யும் தந்தைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைக்கச் சட்டம் தேவையில்லை.

திருச்சபையின் போதனையும் இதற்குப் புறம்பானதல்ல. 1981-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், குடும்பத்தைக் காக்கப் போதுமான ஊதியமோ, தாய்மாருக்கான உதவித் தொகையோ வேண்டும் என்றும், பெண் தன் முன்னேற்றத்துக்கு விலையாகக் குடும்பத்தைக் கொடுக்க நேராதபடி வேலையின் அமைப்பே மாற வேண்டும் என்றும் கருத்துத் தெரிவித்தார். மே முதல் நாளை உழைப்பாளரான புனித சூசையப்பரின் திருநாளாக 1955-ல் அறிவித்தார்கள். தச்சுப் பட்டறையையும் குழந்தையையும் ஒருசேரப் பார்த்துக்கொண்ட அந்த மனிதரை, நம் ஆண்மக்கள் சுரூபமாக மட்டும் வணங்கினால் போதாது.

மூன்றாவது, செயல்படுதல். அரசைக் கேட்பதற்கு முன் நம்மிடமிருந்தே தொடங்குவோம். நம் வீட்டில் வேலை செய்யும் பெண் பிள்ளை பெற்றால், சம்பளத்தோடு எத்தனை நாள் விடுகிறோம்? நம் நிறுவனங்களில் அரசு உதவியின்றித் தற்காலிகமாக வேலை செய்யும் ஆசிரியைக்கும் சமையற்காரம்மாவுக்கும் என்ன ஏற்பாடு? இதைக் கேட்பதில் எங்களுக்கும் வெட்கம் உண்டு. எங்களுள் சிலரும் அப்படி ஒரு பெண்ணை வெறுங்கையோடு அனுப்பியவர்கள்தாம்.

பங்குத்தந்தை அவர்களிடமும் பங்குப் பேரவையிடமும் நாங்கள் நான்கு காரியங்களைக் கேட்கிறோம். பங்கு மண்டபத்தை வார நாட்களில் மாலை 4 மணி முதல் 8 மணி வரை, எந்த மதத்துப் பிள்ளையானாலும் வந்து உட்கார்ந்து படிக்கத் திறந்துவிட வேண்டும். பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் ஒரு மேசை போட்டு, ஈ.எஸ்.ஐ., மகப்பேறு உதவி ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கப் படித்த இளைஞர் இருவர் உட்கார வேண்டும். திருமணத் தயாரிப்பு வகுப்பில் மணமகனுக்கும் வீட்டுப் பொறுப்பைப் பற்றி ஒரு பாடம் வேண்டும். பள்ளிக்கு நீண்ட நாள் வராத பெண்பிள்ளையின் வீட்டுக்கு, குற்றம் சொல்ல அல்ல, காரணம் கேட்க நம்மில் இருவர் போய்வர வேண்டும்.

நம் ஊர்ப் பூசலார் கையில் பொருளில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார் என்பது ஊரறிந்த வரலாறு. இறைவனுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் மனத்துக்குள் கட்டிய காப்பகத்தில் குழந்தையைப் படுக்க வைக்க முடியாது. அதற்குச் செங்கல்லும் பாயும் ஓர் ஆயாவும் மாதச் சம்பளமும் வேண்டும்.

இந்த யூபிலி ஆண்டில் கோபுரத்துக்கு வண்ணம் பூசினோம், நல்லது. அடுத்த யூபிலிக்கு இதே மேடையில் பேச வருகிறவள், பள்ளியை முடித்த மூத்த மகளாக இருக்கட்டும். சொன்ன ஞாயிறுகளில் முறை வைத்து வர, எங்கள் சங்கத்தில் பெயர் கொடுத்தவர்கள் தயாராக இருக்கிறார்கள். மண்டபத்தின் சாவியைத்தான் கேட்கிறோம்.



- மாதர் சங்கத்தார், திருநின்றவூர்