கீரிமலைக் கேணியும் நீர்ச் சிகிச்சையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஆயினும் அதன் வட கரையிலே, கடலலை வந்து மோதும் இடத்துக்கு அணித்தாகவே நன்னீர் ஊற்றெடுத்துக் கேணியாய் நிற்பதைக் கீரிமலையிலே காணலாம். பெய்த மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளில் இறங்கி, நிலத்தின் கீழாகவே வழிதேடி வந்து, கடலோரத்தில் வெளிப்படுகின்றது.

சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இந்நீரிலே ஆடிக் குன்ம நோயும் குதிரை முகமும் நீங்கப் பெற்றாள் என்பது நாடறிந்த ஐதிகம். மாவிட்டபுரம் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அக்கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அத்தகைய நீரில் உள்ள மருந்துதான் யாது? தாதுப் பொருள்கள் என்பர் சிலர். ஆனால் முடங்கிய கைகால்களைப் பொறுத்தவரை, மருந்து நீரில் கரைந்திருப்பதைக் காட்டிலும் நீரின் ஆழத்திலேயே இருக்கிறது எனல் பொருந்தும்.

நீரில் அமிழ்ந்த பொருளை நீர் மேல்நோக்கித் தாங்குகின்றது என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை. இடுப்பளவு நீரில் நிற்பவருடைய கால்கள் அவர் உடற்பாரத்தில் ஏறத்தாழப் பாதியையே சுமக்கின்றன. நெஞ்சளவில் அது மூன்றிலொரு பங்காகிறது. கழுத்தளவில் பத்திலொரு பங்குதான். அறுபது கிலோ எடையுள்ள மூதாட்டி ஒருவர் தேய்ந்த முழங்கால்களோடு முற்றத்தைக் கடக்க இயலாதவராயினும், நெஞ்சளவு நீரில் இருபது கிலோவைச் சுமந்தபடி நடந்துவிடுவார். பாரிசவாதத்தால் தளர்ந்து, தரையில் தூக்க முடியாத கையை நீர் தானே ஏந்திக் கொடுக்கின்றது. வீங்கிய கால்களை நாற்புறமும் அழுத்தி வீக்கத்தைத் தணிக்கின்றது. மெல்ல அசைப்பவரை மெல்லவே தடுத்து, விரைந்து அசைப்பவரை வலிந்து தடுப்பதால், பயிற்சியின் கடுமையை நோயாளியே அளந்துகொள்ளலாம். இரும்புக் குண்டுகளுக்கு இந்த நயம் ஏது?

அமெரிக்கரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1921 ஆம் ஆண்டில் கால்கள் செயலிழக்கப் பெற்றார். 1924 இல் ஜோர்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் வெந்நீருற்றுக்குச் சென்று, நீரினுள் தம் கால்கள் ஓரளவு அசைவதைக் கண்டார். அவர் முற்றிலும் குணமடைந்தாரல்லர். எனினும் அவ்விடத்தை விலைக்கு வாங்கி, இளம்பிள்ளைவாதம் கண்டோர்க்கு ஒரு சிகிச்சை நிலையம் அமைத்தார்.

இயன்மருத்துவர்கள் பயன்படுத்தும் தடாகங்களின் வெப்பம் பொதுவாக 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரை இருக்கும். அவ்வெப்பம் இறுகிய தசைகளை இளக்கும். கீரிமலை நீர் அத்துணை வெப்பமுடையதன்று. திருகோணமலைக் கன்னியாவின் ஏழு கிணறுகளில் வெந்நீர் உண்டு. ஆனால் அது அள்ளி வார்த்துக்கொள்ளும் நீர். அங்கே வெப்பம் உண்டு, ஆழம் இல்லை. இங்கே ஆழம் உண்டு, வெப்பம் இல்லை. ஆகவே கீரிமலையில் நெடுநேரம் நின்று குளிர்ந்து போகாமல், அசைந்துகொண்டே சிறிது நேரம் இருத்தல் நலம்.

1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு அகன்றனர். கீரிமலையும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. 2009 இல் போர் முடிந்த பின்னரே மக்கள் வழக்கம்போல் கேணிக்குத் திரும்பக்கூடியதாயிற்று. எறிகணையாலும் மிதிவெடியாலும் கால் இழந்தோர் பெருகிய ஆண்டுகளும், கேணி எட்டாதிருந்த ஆண்டுகளும் ஒன்றாகவே அமைந்தன. அந்நாள்களில் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் அவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தியது. அக்காலில் நிற்பதற்கு வேண்டிய வலுவை மிதமாக வளர்க்கவல்ல நீரோ வேலிக்கு அப்பால் கிடந்தது.

இன்று அத்தகையோர் இறங்கலாம், தனியே இறங்கலாகாது. ஒரு கால் இல்லாதவரை நீர் இருபுறமும் ஒப்பத் தாங்காது. உடல் ஒருபுறம் சரியும். பக்கத்தில் ஒருவர் நிற்றல் வேண்டும். ஆறாத புண் உடையோரும், வலிப்பு நோய் உடையோரும், இருதயம் தளர்ந்தோரும் வைத்தியரைக் கேளாது இறங்குதல் தகாது. சலரோகத்தால் பாதம் மரத்தவர்களுக்குக் கல் கீறினாலும் தெரியாது. கரையேறியதும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படியேறும்பொழுது, நீர் சுமந்த பாரம் முழுவதும் ஒருங்கே திரும்பி வருகின்றது. பாசி படிந்த மேற்படிகளிலேதான் கால் தடுமாறும். நீர் இடுப்பளவு இருக்கும் படியிலே சற்று நின்று, மூச்சை ஆற்றிக்கொண்டு, துணைவரின் தோளைப் பற்றியபடி ஏறுதல் நன்று.