பட்டமும் பட்டறையும்

(மும்பையில் நம் மன்றத்தின் மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டம் தொடங்குமுன் ஓர் அம்மையார் என்னிடம் கேட்டார்: "மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு. லீவில் ஓர் ஆடிட்டர் ஆபீசுக்கு இன்டர்ன்ஷிப் போறேங்கிறா. சம்பளம் கிடையாதாம். ரயில் பாசும் நாமதான் எடுக்கணுமாம். அனுப்பட்டுமா ஐயா?" அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் எல்லோருக்குமாகச் சொல்லப் போகிறேன்.

1978-ல் நான் டிப்ளமோ மாணவன். ஆறு மாதப் பயிற்சிக்கு இந்நகரில் ஓர் எந்திரத் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டேன். பெயர் வேண்டாம். முதல் மாதம் முழுக்க நான் கற்றது, யாருக்குச் சர்க்கரை போட்ட டீ, யாருக்குப் போடாத டீ என்பதைத்தான். பிறகு ஒரு மராத்திய முதியவரின் லேத்தில் நிறுத்தினார்கள். 25 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு தண்டு கடையச் சொன்னார். கடைந்தேன். கழற்றிய கையோடு மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன், மயிரிழை பிசகவில்லை. பெருமையோடு மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து அளந்தால், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது! தண்டு கழிவுப் பெட்டிக்குப் போயிற்று. "சூடாக இருக்கும்போது அளக்கலாமா, பேட்டா?" என்று சிரித்தார் கிழவர்.

உலோகம் சூட்டில் விரியும் என்பது எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்திலேயே படித்தது, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியது. என் தலைக்குத் தெரிந்திருந்தது, கைக்குத் தெரியவில்லை. அந்த ஒரு தண்டு கற்றுத் தந்ததை மூன்றாண்டுக் கல்லூரி கற்றுத் தரவில்லை. ஆடிட்டர் அலுவலகத்திலும் அப்படித்தான். புத்தகத்தில் வரும் கணக்கில் எல்லா எண்ணும் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டிருக்கும். அங்கே வரும் பையிலோ பாதி ரசீது இருக்காது; மீதியில் தேதி அழிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பெரியப்பாவோ மாமாவோ ஒரு கம்பெனியில் மேலாளராக இருப்பார். தாராவியிலும் ஆன்டாப்ஹில்லிலும் வளரும் நம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? பயிற்சிக்குப் போகிற இடத்தில் வேலையைப் பார்த்து ஒருவர் நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால், அதுதான் அவளுக்குக் கிடைக்கிற மாமா!

ஆனால் தோழர்களே, சம்பளமில்லாப் பயிற்சியை நான் பாராட்ட வரவில்லை. இந்நகரத்துப் பஞ்சாலை வாசலில் விடிகாலையில் நின்ற பத்லித் தொழிலாளரைப் பெரியவர்கள் அறிவீர்கள். யாராவது வராமல் போனால்தான் அவருக்கு வேலை. ஆயினும் உள்ளே போன நாளுக்குக் கூலி உண்டு. இன்று பட்டப்படிப்பு படிக்கிற பெண், பத்லிக்குக் கிடைத்த அந்தக் கூலிகூட இல்லாமல் இரண்டு மாதம் உழைக்க வேண்டுமாம்! தகப்பன் சோறு போட முடிந்த பிள்ளைதான் பயிற்சி பெறலாம் என்றால், அது திறமைக்கு வைத்த தேர்வா, தகப்பன் பணப்பைக்கு வைத்த தேர்வா?

சட்டம் இல்லாமல் இல்லை. தொழிற்பழகுநர் சட்டம் 1961-லேயே வந்தது. 1973-ல் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோக்காரர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். 2014-ல் செய்த திருத்தம் கலை, வணிகப் பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்தது. 2019-ல் விதியைத் திருத்தியபோது, பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 என்று வைத்தார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநரை எடுத்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆனால் "இன்டர்ன்" என்று பெயர் மாற்றி, அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் பதியாமல் வைத்துக்கொண்டால் இந்தத் தொகை எதுவும் கட்டாயமில்லை. பெயரில்தான் சூட்சுமம். 2024 அக்டோபரில் பிரதமர் பெயரால் தொடங்கிய திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் அறிவித்தார்கள். அதிலும் முழுநேரம் கல்லூரிக்குப் போகிறவருக்கு இடமில்லை என்றே விதி வைத்தார்கள். ஆக, நம் அம்மையாரின் மகள் இரண்டு திண்ணைக்கும் வெளியேதான் நிற்கிறாள்.

அம்மா, மகளை அனுப்புங்கள். அனுப்புமுன் ஒரு கடிதம் வாங்கச் சொல்லுங்கள். எத்தனை நாள், எத்தனை மணி நேரம், என்ன வேலை, சொல்லித் தருகிறவர் யார் என்று அதில் இருக்க வேண்டும். ரயில் பாசுக்கும் மதியச் சாப்பாட்டுக்குமாவது கேட்கட்டும்; கேட்பதில் வெட்கமில்லை. முதல் மாதம் டீ வாங்கித் தரச் சொன்னால் தரட்டும், நானும் தந்தவன்தான். இரண்டாம் மாதமும் அதுவே என்றால் எழுந்து வந்துவிடட்டும்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த அரங்கில் வங்கியிலும் ரயில்வேயிலும் பட்டறைகளிலும் வேலை பார்ப்போர் பலர் இருக்கிறீர்கள். சிலர் சொந்தமாகவே தொழில் நடத்துகிறீர்கள். வாசலில் செயலாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். உங்கள் இடத்தில் எத்தனை பேருக்குப் பயிற்சி தர முடியும், எவ்வளவு உதவித்தொகை தர முடியும் என்று எழுதிவிட்டுப் போங்கள். தொகை எழுதும் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள்.